ஓசூரில் செல்லாமல் போன என் பணம்

ஓசூர் பேருந்து நிலையத்தில் ஒரு டீ, ஒரு தண்ணீர் பாட்டில், கட்டணக் கழிப்பிடம். இந்த மூன்றோடு என் கைப்பையில் இருந்த சில்லறை தீர்ந்துபோனது. மும்பையில் நான் நோட்டைத் தொட்டு மாதக்கணக்கில் ஆகிறது. எங்கள் குடியிருப்பு வாசலில் கொத்தமல்லி விற்பவர்கூட ஸ்கேன் செய்யும் அட்டையைத்தான் நீட்டுவார். நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்தால், சில்லறைக்கு எங்கே போவேன் என்று அவருக்குக் கோபம் வரும். அந்தத் தைரியத்தில் போனை மட்டும் நம்பி வந்து இறங்கிவிட்டேன்.

சிப்காட் பக்கம் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, எப்படிப் பணம் அனுப்புவது என்று கேட்டேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "போன்ல வேணாம்மா. கேஷ் இருந்தா உக்காருங்க, இல்லன்னா எறங்கிக்குங்க." இறங்கிக்கொண்டேன். முதல் ஏ.டி.எம்.மின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. இரண்டாவதில், பணம் இல்லை என்று கையால் எழுதிய தாள் ஒட்டியிருந்தது. தாள் பழுத்துப் போயிருந்ததால், இது இன்றைக்கு வந்த சங்கதி இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

ஒரு பேக்கரிக்காரரிடம் போய், "ஐந்நூறு ரூபாய் உங்களுக்கு அனுப்புறேன், நோட்டா குடுங்க" என்று கேட்டேன். எங்கள் ஊரில் இது சாதாரணம். அவரோ நான் ஏதோ களவாடிய பொருளை விற்க வந்த மாதிரி பின்னால் நகர்ந்தார். "அந்த வேலையே வேணாம் மேடம். மொதல்ல போங்க." ஐம்பத்தெட்டு வயதுப் பெண்ணிடம் பேசுகிற பேச்சா இது? பக்கத்துத் துணிக்கடையிலும் மருந்துக் கடையிலும் போனை நீட்டி வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சின்னக் கடைக்காரர்களுக்கு மட்டும் என்ன கேடு என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே நடந்தேன்.

கடைசியில் நகரப் பேருந்துதான் கைகொடுத்தது. நடத்துநரிடம் போனைக் காட்டியதும் அவர் ஓர் இளஞ்சிவப்புச் சீட்டைக் கிழித்துக் கையில் வைத்தார். "லேடீசுக்கு ஃப்ரீம்மா. அதை உள்ள வைங்க." அன்றைக்கு அந்த ஊரில் பணம் கேட்காமல் எனக்கு நடந்த ஒரே காரியம் அதுதான்.

எதற்கு வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. முப்பது வருடம் ஒரு மருத்துவமனையில் பில் போடும் கவுண்டரில் உட்கார்ந்து, ஒரு ரூபாய் பிசகாமல் கணக்கு முடித்தவள் நான். ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம், சமையல் கேஸ் இணைப்பைத் துண்டிக்கப்போவதாக ஒருவன் போனில் மிரட்டினான். அவன் சொன்ன செயலியை இறக்கினேன், அவன் சொன்ன இடத்தில் அழுத்தினேன். பத்து நிமிடத்தில் எண்பத்து நாலாயிரம் ரூபாய் போய்விட்டது. போலீசில் புகார் கொடுத்தேன். பணம் போன தடத்தைப் பிடித்துக்கொண்டே போய், அது தொட்ட கணக்குகளையெல்லாம் முடக்கினார்கள். மொத்தம் பதினொன்று. பதினொரு திருடர்கள் மாட்டினார்கள் என்று எனக்குப் பரம திருப்தி.

அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி மட்டும் என்னைக் கூப்பிட்டாள். எண்ணைப் போலீஸ்காரரே கொடுத்தாராம். "மேடம், ஓசூர்லருந்து மஞ்சுளா பேசறேன். சிப்காட் கேட்டு கிட்ட டிபன் கடை வெச்சிருக்கேன். உங்க காசு ரெண்டாயிரம் என் அக்கவுண்ட்டுக்கு வந்துச்சுன்னு மொத்த அக்கவுண்ட்டையும் புடிச்சு வெச்சிட்டாங்க மேடம். நீங்க வந்து ஒரு லெட்டர் குடுத்தா வுட்ருவாங்களாம்." அழுதாள். நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்தேன். கடிதத்தைத் தபாலில் போட்டிருக்கலாம். ஆனால் என் பணத்தைத் தின்றவர்களில் ஒருத்தியின் முகத்தையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. கடிதம் கொடுக்க வருகிறேன் என்று அவளிடம் நான் சொன்னது பாதிப் பொய்.

கடை என்பது ஒரு தள்ளுவண்டி, தகரக் கூரை, இரண்டு பெஞ்சு. பின்னால் ஒரு தொழிற்சாலையின் நீண்ட சுவர். அந்த வரிசையில் எட்டு, பத்து வண்டிகள். ஒவ்வொரு வண்டியின் நெற்றியிலும் சதுரமாகப் பசை காய்ந்த தடம். ஸ்கேன் செய்யும் ஸ்டிக்கரை எல்லோரும் சுரண்டி எடுத்திருந்தார்கள். மஞ்சுளாவுக்கு நாற்பது வயது இருக்கும். ஸ்வெட்டருக்கு மேல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு வாடிக்கையாளரிடம் தெலுங்கிலும் அடுத்தவரிடம் கன்னடத்திலும் பேசிக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வந்துட்டீங்களா மேடம்! நெஜமாலுமே வந்துட்டீங்களே" என்றவள், ஒரு தகர டப்பாவைத் திறந்து நோட்டுகளை எண்ணினாள். ஐந்நூறு இரண்டு, மிச்சமெல்லாம் நூறும் ஐம்பதும். "உங்க ரெண்டாயிரம். இத வாங்கிக்கிட்டேன்னு லெட்டர்ல எழுதிடுங்க மேடம். அப்படி எழுதினாத்தான் வுடுவாங்கன்னு அந்தப் போலீஸ்காரரு சொன்னாரு." வாங்கிக்கொண்டேன். என் பணம்தானே என்று தோன்றியது. அதோடு கையில் காசில்லாமல் பட்ட பாடு வேறு. எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினேன். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, பணம் கிடைத்துவிட்டது, ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மதியச் சாப்பாட்டு நேரம். களி உருண்டையும், தோல் பிதுக்கிய அவரைக்கொட்டையில் வைத்த பிதுக்கம்பருப்புச் சாறும் தட்டில் வைத்தாள். மார்கழிக் குளிருக்கு அந்த அவரை வாசனை மூக்கைத் துளைத்தது. களியை வாயில் போட்டு மென்றேன். பல்லெல்லாம் ஒட்டிக்கொண்டு திணறினேன். எதிர் பெஞ்சில் சீருடையோடு இருந்த இரண்டு பேர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்கள். "மெல்லாதீங்க மேடம், சாத்துல தோச்சு அப்படியே முழுங்குங்க" என்றாள் மஞ்சுளா. முழுங்கினேன். உள்ளே இறங்கிய பிறகுதான் பசி எவ்வளவு என்று தெரிந்தது.

அந்த இரண்டு பேரில் ஒருவன் ஒடிசாக்காரன். ஒப்பந்தத் தொழிலாளி. எனக்கு இந்தி வரும் என்று தெரிந்ததும் அவனே பேச ஆரம்பித்தான். அவன் சொன்னது இது: "சம்பளம் எனக்கு போனில்தான் வருகிறது. ரூம் வாடகையை வீட்டுக்காரர் நோட்டாகத்தான் கேட்பார். கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஏ.டி.எம்.மில் பணம் இருந்து நான் பார்த்ததில்லை. அதனால் அக்காவுக்கு போனில் அனுப்புவோம், அக்கா டப்பாவிலிருந்து நோட்டு எடுத்துக் கொடுப்பார். சம்பளத் தேதியில் இங்கே வரிசை நிற்கும். இப்போது அக்கா கொடுப்பதில்லை."

நான் மஞ்சுளாவைத் திரும்பிப் பார்த்தேன். "எத்தனை ரூபா கமிஷன்?"

"கமிஷனா? பத்து ரூபா எடுத்ததில்ல மேடம். டப்பாவுல காசு சும்மாதானே கெடக்குது. பசங்க ஷிப்டு முடிஞ்சு ராத்திரில எங்க போய் மெஷினைத் தேடுவாங்க?" அடுப்பைத் தணித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அன்னிக்கு ஒருத்தன் வந்தான். ஹெல்மெட்டு போட்டிருந்தான். ரூம் அட்வான்ஸ் தரணும், ரெண்டாயிரம் அனுப்பறேன், நோட்டு குடுங்கக்கான்னான். எல்லாருக்கும் குடுக்கற மாதிரிதான் குடுத்தேன். அவன் அனுப்பினது உங்க காசுன்னு எனக்கு என்ன மேடம் தெரியும்? காசு மேல பேரா எழுதியிருக்குது?"

ஆக, அந்த இரண்டாயிரத்தை அவள் ஏற்கெனவே ஒரு தடவை தன் டப்பாவிலிருந்து கொடுத்துவிட்டாள். இன்றைக்கு எனக்கு இரண்டாவது தடவை. பேக்கரிக்காரர் ஏன் பின்னால் நகர்ந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் மும்பையிலிருந்து ஒரு புகாரைத் தட்டிவிட, இந்த வரிசையே ஸ்டிக்கரைச் சுரண்டியிருக்கிறது. பக்கத்து வண்டிக்காரருக்கும் வேறு யாரோ ஒருவரின் புகாரால் கணக்கு முடங்கிக் கிடக்கிறதாம். நான் ஒருத்தி மட்டும் காரணமில்லை என்பதில் கொஞ்சம் ஆறுதல் தேடினேன். ஆறுதல் வரவில்லை.

அவளுடைய அவசரம் என்ன என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. இந்தக் கடை போடுவதற்காக, ஒரு சங்கிலியையும் இரண்டு வளையலையும் வங்கியில் அடகு வைத்திருந்தாள். கெடு தாண்டி நோட்டீஸ் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஏலம். வட்டியோடு ஒரு லட்சத்து ஆறாயிரம் கட்ட வேண்டும். கட்டப் பணம் இருக்கிறது. சீட்டு எடுத்த தொகையும் கடை வருமானமுமாக ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் அவள் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கைத்தான் என் இரண்டாயிரத்துக்காக முடக்கி வைத்திருக்கிறார்கள்.

மத்திகிரியில் அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, பெண்கள் தங்கும் விடுதியில் இடம் பிடித்துக் கொடுத்தாள். மூன்று நாள் வாடகையை நோட்டாகக் கொடுத்தேன். அவள் கொடுத்த நோட்டுதான்.

புதன்கிழமை காலை இருவரும் வங்கிக்குப் போனோம். ஆட்டோ பாதி வழியில் நின்று, ஓட்டுநரோடு சேர்ந்து மஞ்சுளாவும் தள்ளினாள். நான் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். மேலாளர் சின்ன வயசுக்காரர், மரியாதையானவர். என் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "மேடம், நீங்க இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க. ஆனா இதை வெச்சு என்னால ஒண்ணும் பண்ண முடியாது. முடக்கச் சொன்ன ஸ்டேஷன்லருந்து மெயில் வரணும்."

"ரெண்டாயிரத்தை மட்டும் நிறுத்தி வெச்சுட்டு மிச்சத்தை விடக்கூடாதா?"

"மொத்த அக்கவுண்ட்டும்னுதான் வந்திருக்கு மேடம்."

"சரி, வெளியில் எடுக்க வேண்டாம். உங்க பேங்க்லயே இவங்க பணம் இருக்கு. உங்க பேங்க்லயே இவங்க நகை இருக்கு. இந்தக் கணக்கிலிருந்து எடுத்து அந்தக் கணக்கில் போடுங்க. வாசலைக்கூடத் தாண்ட வேண்டாமே."

அவர் பாவமாகச் சிரித்தார். "அதுவும் டெபிட்தான் மேடம். சிஸ்டம் வுடாது." பிறகு மஞ்சுளாவுக்குத் தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "கவலப்படாதீங்கம்மா. தங்கம் வெலை ஏறியிருக்கு. ஏலத்துல கடன் போக மிச்சம் நெறையா வரும். அந்தப் பணம் உங்க அக்கவுண்ட்டுலயே வந்துரும்" என்றார்.

"எந்த அக்கவுண்ட்டு சார்?" என்று கேட்டாள் மஞ்சுளா. அவர் கணினித் திரையைப் பார்த்தார். முப்பது வருடம் நானும் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, சிஸ்டம் விடாது என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்து நன்றாகச் சாப்பிட்டிருக்கிறேன். இந்தப் பக்கம் நின்று கேட்கும்போது அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வங்கி வாசலில் நின்றே மும்பைக்குப் போன் போட்டேன். என் புகாரைக் கவனிக்கும் அதிகாரியைப் பிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அவர் இந்தியில் நிதானமாகச் சொன்னார்: "கடிதத்தை நீங்கள் நேரில் வந்து என்னிடம் கொடுக்க வேண்டும் அம்மா. போட்டோ எடுத்து அனுப்பினால் செல்லாது. நான் ஒரு பந்தோபஸ்துக்காக வெளியூர் வந்திருக்கிறேன். திங்கட்கிழமை வாருங்கள்." எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். ஓசூரில் என்றேன். "அங்கே எதற்குப் போனீர்கள்?" என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் அந்த ஸ்டேஷன். கடந்த வாரமே நான் அங்கே போயிருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். திருடியின் முகத்தைப் பார்க்கும் ஆசையில் ரயிலேறி, காரியம் நடக்கக்கூடிய ஒரே இடத்தை விட்டுவிட்டு இங்கே வந்து நிற்கிறேன். இதை நான் மஞ்சுளாவிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமைதான் முடியும் என்று மட்டும் சொன்னேன். "திங்கக்கெழமையா" என்று ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, "சாப்டீங்களாக்கா?" என்றாள். அந்த நேரத்தில் நான் மேடத்திலிருந்து அக்காவாகியிருந்தேன்.

வியாழக்கிழமை கிருஷ்ணகிரிக்குப் போனோம். அங்கே ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தால் ஏலத்தையாவது தள்ளி வைப்பார்கள் என்று யாரோ மஞ்சுளாவிடம் சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் கடையை மூடிவிட்டு வந்தாள். சூளகிரியைத் தாண்டியதும் ஒரு கன்டெய்னர் லாரி குறுக்கே நின்று, இரண்டு மணி நேரம் பஸ் அசையவில்லை. இறங்கி வெயிலில் நின்றோம். ஒரு பெண் கூடையில் வேர்க்கடலை விற்றுக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் இருந்த பையன்கள் போனைக் காட்டியதும் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போனாள். நான் மஞ்சுளாவின் நூறு ரூபாயை மாற்றி இரண்டு பொட்டலம் வாங்கினேன்.

ரோட்டோரம் உட்கார்ந்து கடலையை உரித்துக்கொண்டே அவள் பேசினாள். கணவர் கெலவரப்பள்ளி அணைப் பக்கம் ஒரு ரோஜாத் தோட்டத்தில் வேலை செய்கிறார். வாரக் கூலி. வாரக் கூலியைக் கணக்கில் போடுகிறேன் என்று முதலாளி சொன்னபோது, தோட்டத்தில் இருந்த பெண்களெல்லாம் வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார்களாம். "குழுக் கடன் வாங்கியிருக்கறாங்க இல்லக்கா. காசு உள்ள வந்ததும் தவணைக்குன்னு தானா புடுங்கிக்கும். அரிசி வாங்க ஒண்ணும் இருக்காது. கையில வாங்கினா, யாருக்கு மொதல்ல குடுக்கறதுன்னு நாமதானே முடிவு பண்ணுவோம்." நான் மும்பையில் இதைப் பற்றிப் பேசியிருந்தால், கிராமத்து ஜனங்களுக்கு விவரம் போதாது என்று சொல்லியிருப்பேன். சொல்லியும் இருக்கிறேன்.

கிருஷ்ணகிரியில் அந்த அலுவலகத்துக்குள் நுழையும்போது மணி மூன்றரை. ஒரு பெண் ஊழியர் மனுவை வாங்கிப் படித்துவிட்டு, வேறு மாநிலப் புகார், இங்கே யாரும் கைவைக்க முடியாது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். கோபமாகச் சொல்லவில்லை. தினமும் இதே மாதிரி நாலு பேர் வருகிறார்கள் என்று அலுத்துக்கொண்டார்.

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் மஞ்சுளா. நான் அவள் பக்கத்தில். அவள் கொடுத்ததில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதோடு, கிருஷ்ணகிரியில் ஒரு வழியாகப் பணம் கொடுத்த ஏ.டி.எம்.மில் எடுத்ததையும் சேர்த்து இரண்டாயிரமாக அவள் மடியில் வைத்தேன். தொடவே மாட்டேன் என்றாள். "வாங்கிக்கிட்டேன்னு எழுதிக் குடுத்துட்டீங்கக்கா. இப்ப திருப்பிக் குடுத்தீங்கன்னு தெரிஞ்சா, மறுபடியும் மொதல்லருந்து ஆரம்பிப்பாங்க. வேணாம்." பேப்பரில் இருப்பதுதான் உண்மை என்று கணக்கு முடங்கிக் கிடந்த ஒரு மாதத்தில் அவளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே கேட்டாள். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. உங்களால ஒரு வாரத்துக்கு ஏதாவது பண்ண முடியுமா? நேரா லோன் கணக்குல கட்டிட்டா போதும். என் கைல குடுக்க வேணாம். அக்கவுண்ட்ட வுட்டதும் அன்னிக்கே திருப்பிடறேன்."

என்னால் முடியும். வைப்பு நிதி ஒன்று இருக்கிறது. போனில் இரண்டு இடத்தில் அழுத்தினால், பஸ் ஓசூர் போய்ச் சேருவதற்குள் அவள் கடன் அடைந்திருக்கும். அவள் திருடி இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று நாளாக அவள் சோற்றைத் தின்கிறேன். ஆனால் விரல் போகவில்லை. போனில் ஒருவன் சொல்லி அழுத்திய அந்தப் பத்து நிமிடம் என் விரலிலேயே இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "பென்ஷன்தான் மஞ்சுளா. கையிருப்பெல்லாம் அதிலேயே போச்சு" என்றேன். பச்சைப் பொய். "சரிக்கா, பரவால்ல" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை வங்கி வாசலில் மஞ்சுளாவோடு ஒரு பெரியவர் நின்றிருந்தார். பாகலூர்க்காரர். விவசாயமும் வட்டிக்கு விடுவதும் தொழில். மஞ்சப் பையில் ஒரு லட்சத்து ஆறாயிரத்தை நோட்டாகவே கொண்டு வந்திருந்தார். பத்திரம் இல்லை, ஓ.டி.பி. இல்லை. முதல் நாள் ராத்திரி மஞ்சுளா போய்க் கேட்டிருக்கிறாள், காலையில் வந்துவிட்டார். அதை வைத்து அவரைத் தர்மவான் என்று நினைக்க வேண்டாம். ஒரு நாளைக்கு மூவாயிரம் வட்டி. அவர் கன்னடத்தில் அவளிடம் சொன்னதை அவளே எனக்குத் தமிழில் சொன்னாள்: "இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள குடுத்துட்டா ஒரு நாள் வட்டி. திங்கக்கெழமை, செவ்வாக்கெழமைன்னு இழுத்தா தெனமும் மூவாயிரம்."

வங்கி அந்த நோட்டுகளை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. இயந்திரத்தில் எண்ணினார்கள், ரசீது அடித்தார்கள். பதினொன்றரை மணிக்கு ஒரு சிறிய துணிப்பையில் நகை வெளியே வந்தது. மேலாளர் எழுந்து வந்து மஞ்சுளாவுக்கு வாழ்த்துச் சொன்னார். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

திங்கட்கிழமை நான் மும்பை ஸ்டேஷனில் நின்றாலும், மெயில் என்றைக்கு வரும், கணக்கு என்றைக்குத் திறக்கும் என்று சொல்ல யாரும் இல்லை. அதுவரை நாளுக்கு மூவாயிரம் கொடுத்தால் நகையும் போய்விடும், கடையும் போய்விடும். அதனால் சங்கிலியை அன்றைக்கே விற்றுப் பாகலூர்க்காரரை அனுப்பிவிடுவது என்று அவள் ராத்திரியே முடிவு செய்திருந்தாள். வளையல் மட்டுமாவது மிஞ்சும். பெரியவர் டீக்கடையில் உட்கார்ந்துகொள்ள, நாங்கள் இருவரும் பஜாரில் ஒரு பெரிய நகைக்கடைக்குப் போனோம்.

கடைக்காரர் சங்கிலியை உரைத்தார், எடை போட்டார், கணக்குப் போட்டார். ஒரு லட்சத்து ஐம்பத்தெட்டாயிரம் என்றார். நியாயமான விலை என்று எனக்கே தெரிந்தது. மஞ்சுளா தலையாட்டினாள். அவர் பேனாவை எடுத்தார்.

"அக்கவுண்ட் நம்பர் சொல்லுங்கம்மா."

"கேஷா குடுங்க சார்."

"இவ்ளோ தொகை கேஷா தரக்கூடாதும்மா. ரூல்ஸ் அப்படி. உங்க அக்கவுண்ட்டுல அஞ்சு நிமிஷத்துல ஏறிடும்."

மஞ்சுளா சிரித்தாள். நான் ஓசூருக்கு வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. கணவருக்கு ஏதாவது கணக்கு உண்டா என்று கடைக்காரர் கேட்டார். கணவர் கணக்கில் குழுக் கடன் தவணை நிலுவை. போட்டால் திரும்பி வராது.

அப்போது நான் வாயைத் திறந்தேன். "என் கணக்குக்கு அனுப்புங்க. இங்கேயே பேங்க் இருக்கு. இப்பவே எடுத்து இவங்க கையில குடுத்துடறேன்." மனதார ஒரு கள்ளமும் இல்லாமல் சொன்னேன். முதல் நாள் பஸ்ஸில் செய்யாததற்கு ஈடாக இதையாவது செய்ய வேண்டும் என்றிருந்தது. போனையும் எடுத்துவிட்டேன். கடைக்காரர் சரியென்று என் பக்கம் திரும்பினார்.

தராசுத் தட்டில் கிடந்த சங்கிலியை மஞ்சுளா எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"வேணாம் மேடம்."

"ஏன் மஞ்சுளா? அஞ்சு நிமிஷ வேலை."

"உங்களைத் தப்பா சொல்லல மேடம். நீங்க நல்லவங்க. நாளைக்கு எவனாவது, எங்கயாவது ஒரு புகார் குடுத்து உங்க அக்கவுண்ட்டயும் புடிச்சுட்டா? இல்ல, நேத்து மாதிரி உங்களுக்கே மனசு வரலன்னா?" குரலில் கோபம் துளியும் இல்லை. "உங்களைத் தேடிக்கிட்டு நான் மும்பைக்கா வர முடியும்?"

பென்ஷன்தான் என்று நான் சொன்னதை அவள் ஒரு நிமிடம்கூட நம்பியிருக்கவில்லை.

பஜாருக்குப் பின்னால் சந்தில் ஒரு சின்னக் கடை. பில் கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. அந்த ஆள் சங்கிலியைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் என்றான். மஞ்சுளா பேரம் பேசவில்லை. நோட்டுகளை வாங்கி, எச்சில் தொட்டு, ஒவ்வொன்றாக இரண்டு முறை எண்ணினாள். இருபத்து மூன்றாயிரம் ரூபாய் நஷ்டம். என்னை நம்புவதைவிட அது அவளுக்கு மலிவாக இருந்தது.